மேட்டில் இருக்கிற பிள்ளை

எங்கள் பக்கத்து மலைகளைப் படம் பிடிக்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். இவ்வளவு அழகான இடத்தில் இந்த இரும்பு டவரைக் கொண்டுவந்து நட்டுக் கெடுத்துவிட்டார்களே என்கிறார்கள். அது படத்தில் விழாதபடி கமராவைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார்கள். ஒருவர் என்னைக் கொஞ்சம் நகர்ந்து நிற்கச் சொன்னார். அப்போது என் தலை டவரை மறைத்துவிடுமாம். எனக்கு வந்த கோபத்தில், "அது அங்க வந்ததே இன்னொருத்தர் பார்வை கெட்டுடக் கூடாதுன்னுதாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. என் வாய் அப்படி. முழுவதையும் சொல்லாது, சும்மாவும் கிடக்காது. முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

வெள்ளைக்காரன் நாட்டைக் கொடுத்துவிட்டுப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நாட்டைத்தான் கொடுத்தான், தோட்டத்தைக் கொடுக்கவில்லை. அட்டனுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வெள்ளைக்காரர்தான் துரை. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு, பின்னாளில் அதே பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகும்வரை, அக்காவுக்கு அடுத்த நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். அவளுக்குக் கலியாணமாகி, முதலாவதாக ஒரு பெண் பிறந்து, நடக்கத் தொடங்கிய கையோடு காய்ச்சலில் போய்விட்டது. இரண்டாவது மகன் கைக்குழந்தை. வேலை முடிந்தால் எந்நேரமும் இடுப்பில்தான்.

எங்கள் நிரைகளுக்கு நேர் எதிரே, ஆற்றைத் தாண்டி ஒரு மேடு. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் இறந்துபோகும் சின்னப் பிள்ளைகளை அங்கேதான் புதைப்பார்கள். கல் நட்டுப் பெயர் பொறிக்க எங்களிடம் என்ன இருந்தது? தலைமாட்டில் முள்முருக்குக் கொம்பு ஒன்றை ஒடித்து ஊன்றிவிடுவார்கள். தேயிலைக்கு நிழல் போடும் மரம்தான் அது. ஊன்றினால் போதும், பிடித்துக்கொள்ளும். அக்கா ஊன்றிய கொம்பும் தழைத்து, ஆள் உயரத்துக்கு மேல் போய், சிவப்பாகப் பூத்தும் விட்டது. மேட்டில் அந்தமாதிரி மரங்கள் ஏழெட்டு இருந்தாலும், தன்னுடையது எது என்று அக்காவுக்கு எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும்.

கை கொழுந்தில் இருக்கும், கண் மேட்டில் இருக்கும். "கண்ணு அங்க, கை இங்க. எப்படித்தான் இவளுக்கு மட்டும் முத்தல் இல்லாமக் கொழுந்து சேருதோ" என்று கங்காணி கேலி செய்வார். அக்கா சிரித்துக்கொள்வாள். ஒரு நாள் என்னிடம் சொன்னாள். "மத்தவளுக எல்லாம் புள்ளய காம்பராவுல ஆயாகிட்ட விட்டுட்டு வந்து பொழுதுக்கும் தவிக்கிறாளுக. எனக்குப் பாதிக் கவலதான்டி, சின்னவன் மட்டுந்தான் அங்க. வேல செஞ்சுக்கிட்டே மூத்தவளப் பாத்துக்கிறேன்." இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இறந்த பிள்ளையைப் பற்றிப் பேசும்போது 'செத்து' என்ற சொல்லை நாக்கில் எடுக்க மாட்டோம். எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால், "ரெண்டு, ஒண்ணு மேட்டுல இருக்கு" என்பாள் அக்கா. கேட்டவர்களுக்கும் புரிந்துவிடும். லயத்தில் அத்தனை பேரும் அப்படித்தான் பேசினோம்.

நோர்ட்டன் பக்கத்தில் தண்ணீரிலிருந்து எடுக்கிற கரண்டை மலைக்கு மலை இரும்பு டவர் நட்டுக் கொண்டுபோகப் போகிறார்கள் என்ற பேச்சு முதலில் வந்தது. பின்னால் அளக்கிற ஆட்கள் வந்து, உச்சியில் சிவப்புப் பூசிய முளைகளை அடித்துக்கொண்டே போனார்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு முளை துரையின் பங்களாவுக்கு முன்னால், புல்தரை முடிகிற திட்டில் விழுந்தது. அங்கிருந்து பார்த்தால் எதிர்மலை அருவியும், வானம் வெளித்த நாளில் சிவனொளிபாத மலையும் தெரியும். துரைச்சாணி பின்னேரங்களில் நாற்காலி போட்டு உட்காருகிற இடம் அது.

பங்களாவில் சமைக்கிற அப்பு லயத்துக்கு வந்து செய்தி சொன்னார். துரையும் துரைச்சாணியும் அளக்கிறவரைப் புல்தரைக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணீர் கொடுத்துப் பேசினார்களாம். டவர் அங்கே வந்தால் வியூ கெட்டுப்போகும் என்றார்களாம்.

"வியூன்னா என்னா அண்ணே?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அதான், துரைச்சாணி உக்காந்து பாக்கிறது."

"பாக்கிறது எப்படிண்ணே கெட்டுப்போகும்? பாலா, திரியிறதுக்கு?"

அன்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் சிரிப்பு அடங்கவில்லை. யாருக்காவது தலை வலித்தால் கூட வியூ கெட்டுப்போச்சு என்று இரண்டு நாள் சொல்லித் திரிந்தார்கள். நானும் சொன்னேன். எங்கள் பேச்சில் மலை அழகாக இருக்கிறது என்றால் கொழுந்து நிறைந்து, மட்டம் பிசகாமல் இருக்கிறது என்று அர்த்தம். சும்மா உட்கார்ந்து ஒரு மலையைப் பார்ப்பதற்கு ஒரு பெயர் உண்டு, அந்தப் பெயருக்கு ஒரு பெறுமதி உண்டு, அதற்காக இரும்பையே நகர்த்தலாம் என்பதெல்லாம் எங்களுக்குப் புதிது.

மூன்றாம் நாள் காலையில் நிரையில் ஏறிய அக்கா அப்படியே நின்றுவிட்டாள். எதிர் மேட்டில், அவளுடைய மரத்துக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்பு முளை தெரிந்தது. பங்களாவிலிருந்து பார்த்தால் சைப்ரஸ் மரங்கள் அந்த மேட்டை மறைத்துக்கொள்ளும். அளந்தவர்களின் கண்ணுக்கு அங்கே ஏழெட்டு நிழல் மரங்களும் புல்லும்தான் தெரிந்திருக்கும். சும்மா கிடக்கிற இடம் என்று நினைத்திருப்பார்கள்.

"துரைகிட்ட கேப்போம்" என்றாள் அக்கா. "பங்களாவுல இருந்து தள்ளிப் போட்டாங்கல்ல. இங்கயும் கொஞ்சம் தள்ளிப் போட்டாப் போதும்."

மறுநாள் விடியற்காலைப் பெரட்டுக்குத் துரை குதிரையில் வந்திருந்தார். ஆட்களை மலைமலையாகப் பிரித்து அனுப்புகிற அந்த நேரத்தில் தவிர எங்களுக்குத் துரையைக் கிட்டத்தில் பார்க்க வழியில்லை. அக்கா கூடையை இறக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் போய் நின்றாள். நான் கூடையோடு அவளுக்குப் பின்னால் போனேன்.

"கும்புடுறேங்க துரை. கம்பம் போடப்போற மேட்டுல எம்புள்ள இருக்குங்க. கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லணுங்க."

துரைக்குத் தமிழ் தெரியும். புத்தகத்தில் படித்து, எங்களை ஏவி ஏவிப் பழகிய தமிழ். குறுக்கே யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை என்பதில் அவருக்குப் பெருமையும் உண்டு. அவர் முகம் மாறியது.

"புள்ளே அங்கே இருக்கா? ரொம்ப மோசம். அங்கே பெரிய குழி வெட்டும். புள்ளே விழும். நீ போ, புள்ளே கூட்டி வா."

அக்கா அசையவில்லை. அவருக்கு விளங்கவில்லை என்று நினைத்து இன்னும் தெளிவாகச் சொன்னாள். "இல்லீங்க துரை. அது அங்கேயேதான் இருக்குங்க. மூணு வருசமா அங்கதான் இருக்கு."

துரை பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்துக் கோபமாகவே பேசினார். இவள் தன் பிள்ளையைக் கவனிப்பாரில்லாமல் மேட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வருகிறாள், பிள்ளைக்காம்பரா எதற்கு இருக்கிறது, இன்றைக்கே அந்தப் பிள்ளையை அங்கே சேர்க்க வேண்டும், ஆயாவிடம் சொல்லிப் பால் கொடுக்க வேண்டும் என்றார். கணக்கப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும். பிள்ளையைப் புதைத்த அன்று குழி வெட்ட ஆள் கொடுத்தவரே அவர்தான். "சரிங்க துரை" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

துரை கொடுமைக்காரர் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றுவரை ஆத்திரம் தாங்கவில்லை. அந்தக் காலையில் அவர் உண்மையாகவே ஒரு பிள்ளைக்காக இரக்கப்பட்டார். உயிரோடு இல்லாத பிள்ளைக்குப் பால் கொடுக்கச் சொல்கிற அளவுக்கு இரக்கப்பட்டார்.

நான் வாயைத் திறந்தேன். ஒரே ஒரு சொல்தான் தேவைப்பட்டது. அக்கா திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் உடைந்து சதையில் குத்துமளவுக்குப் பிடித்தாள். துரை குதிரையைத் திருப்பிக்கொண்டு போனார்.

"ஏன்க்கா தடுத்த? சொல்லியிருந்தா அந்தாளுக்கு வெளங்கியிருக்கும்ல" என்று பாதையில் ஏறும்போது சண்டை பிடித்தேன்.

"அந்தச் சொல்லச் சொல்லித்தான் எம்புள்ளயக் காப்பாத்தணும்னா, அப்புறம் காப்பாத்துறதுக்கு அங்க என்னாடி இருக்கு" என்றாள்.

அவள் சொல்லாததை நீங்கள் துரையிடம் சொல்லுங்கள் என்று நான் போய்க் கணக்கப்பிள்ளையிடம் சொன்னேன். மரியாதை இல்லாமல்தான் சொன்னேன். அவர் ஏசவில்லை. "துரை தன்னோட எடத்துக்காக ஒருவாட்டி மாத்தச் சொல்லிட்டாரு. ஒனக்காக இன்னொருவாட்டி போய்க் கேப்பாரா? நமக்குப் பிரஜா உரிமையே இல்ல, நீ எந்த நாட்டு ஆளுன்னே இன்னும் முடிவாகல. இதுல மேட்டுக்குச் சண்டை பிடிக்க வந்துட்ட. போ புள்ள, நெரையப் பாரு" என்றார். எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழக்கூடாது என்று ஓடி வந்துவிட்டேன்.

வெட்டுகிற ஆட்கள் கீழ்க்கிராமத்துச் சிங்களவர்கள். முதலில் மரங்களை வெட்டினார்கள். அக்காவின் மரம் எத்தனையாவதாகச் சாய்ந்தது என்று எனக்குத் தெரியாது. நான் குனிந்துகொண்டேன். அவள் குனியவில்லை. அடுத்து வேர்க்கட்டைகளை நெம்பி எடுத்து, மேடு முழுவதையும் புரட்டி மட்டமாக்கினார்கள். அதன் பிறகுதான் டவரின் நாலு காலுக்கும் குழி வெட்டத் தொடங்கினார்கள்.

இரண்டாம் குழி வெட்டும்போது சத்தம் நின்றது. அலவாங்கு கல்லில் படுகிற ஓசைக்கு எங்கள் காது பழகியிருந்ததால், அது நின்றது நிரை முழுவதற்கும் தெரிந்தது. எங்களைப் பார்த்து ஒருவர் கையை ஆட்டினார். அக்கா கூடையைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினாள். பின்னால் நானும், அந்த மேட்டில் பிள்ளையை வைத்திருந்த மற்றவர்களும் ஓடினோம். வேலை நேரமென்று கங்காணி எங்களைத் தடுக்கவில்லை.

வயதான ஒரு ஆள் தன் தோள் துண்டைத் தரையில் விரித்து, மண்ணிலிருந்து வந்ததை அதில் வைத்திருந்தார். மிகவும் கொஞ்சமாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். எங்களைப் பார்த்து, "மே காகெத?" என்று மெதுவாகக் கேட்டார். இது யாருடையது என்று கேட்டார்.

மரம் இல்லை, மேட்டின் உருவமும் இல்லை. எது எங்கே இருந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அக்கா வாயெடுத்தவள், பக்கத்தில் நின்றவர்களின் முகங்களைப் பார்த்தாள். எல்லா முகத்திலும் அதே கேள்விதான் இருந்தது. துண்டின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, அந்த ஆளின் பாஷையிலேயே, "அபே" என்றாள். எங்களுடையது என்றாள். அப்புறம்தான் எங்கள் பெண்கள் எல்லோரும் வாய்விட்டு அழுதார்கள்.

ஆற்றோரத்தில், மூங்கில் புதருக்கு அடியில், ஈரமான ஒரு பள்ளத்தில் துண்டோடு சேர்த்து வைத்து மண்ணைத் தள்ளினோம். வேறு இடம் எங்களுக்கு வாய்க்கவில்லை. அந்தப் பள்ளம் எந்த மலையிலிருந்து பார்த்தாலும் தெரியாது. டவர் எழுந்து, கம்பி இழுத்து, கரண்டு எங்கள் தலைக்கு மேலாகக் கொழும்புக்குப் போனது. லயத்தில் குப்பி லாம்புதான் எரிந்தது.

கம்பி இழுத்து முடித்த வாரம் அதே மலைக்குக் கொழுந்துக்குப் போனோம். அக்கா தன் நிரையில் ஏறி, கூடையை மாட்டி, பழக்கத்தில் நிமிர்ந்து எதிரே பார்த்தாள். பிறகு வலப்பக்கம் பார்த்தாள், ஆற்றுப் பள்ளத்தைப் பார்த்தாள், மறுபடியும் எதிரே பார்த்தாள். கை கொழுந்தில் போகவே இல்லை.

"இனி எந்தப் பக்கம்டி பாக்கிறது?" என்று என்னைக் கேட்டாள்.

கங்காணி வந்து நிரையில் நகரச் சொல்லும்வரை நான் எடுத்த கொழுந்தை அவள் கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன்.