மூன்றாம் மோதிரம் வெட்டுப்பட்டால்

மைனியின் மோதிரம் என் அலமாரியில், காலி மாத்திரை டப்பா ஒன்றுக்குள் கிடக்கிறது. அகலமான ஆண்பிள்ளை மோதிரம். ஒரு பக்கம் வெட்டி, இரண்டு முனையையும் விரித்துக் கழற்றியது. டப்பாவை ஆட்டினால் இப்போது கலகலவென்று சத்தம் வருகிறது. போன மாதம் வரை அந்தச் சத்தம் இல்லை. உள்பக்கம் சுற்றியிருந்த நூல் மெத்தை மாதிரி தடுத்துக்கொண்டிருந்தது. அந்த நூலைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மைனியைச் சொல்லாமல் நூலைச் சொல்ல முடியாது.

மைனி என் அண்ணன் மனைவி. கொச்சி மட்டாஞ்சேரியில் கொச்சங்காடி பக்கம், சுக்கு மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியில் நாங்கள் இரண்டு பேரும் பதினைந்து வருடம் அருகருகே உட்கார்ந்து தரம் பிரித்தோம். நல்ல சுக்கு ஒரு சாக்கு, ஒடிந்தது ஒரு சாக்கு, பூச்சி அரித்தது தனி. கைக்குத்தான் வேலை, வாய் சும்மாதான் இருக்கும். அதனால் அங்கே யாருடைய வாயும் சும்மா இருந்ததில்லை. மற்ற பெண்கள் மலையாளத்தில் வீட்டுச் சண்டை பேசுவார்கள். மைனிக்கு அதெல்லாம் சப்பென்றிருக்கும். "இதுல அவளுக்கும் நியாயம் இவளுக்கும் நியாயம், என்னத்த பேச" என்பாள்.

அண்ணன் இறந்த வருடம் மைனி அவன் மோதிரத்தை எடுத்துத் தன் வலது கையில் போட்டுக்கொண்டாள். சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மோதிரம் தொளதொளவென்றிருந்ததால் சாக்கு தைக்கும் நூலை அதன் அடிப்பக்கம் சுற்றிக் கொடுத்தேன். கிட்டங்கியில் பாதிப் பேர் அப்படித்தான் செய்வோம். சுக்குக்குள் மோதிரம் நழுவிப் போனால் பிறகு யார் சாக்குச் சாக்காகத் தேடுவது? நூல் தேய்ந்து இளகும்போதெல்லாம் மைனி கையை நீட்டுவாள். பழையதை அவிழ்க்க எனக்குச் சோம்பல். அதன்மேலேயே புதிதாகச் சுற்றிவிடுவேன். அழுக்கும் தூசியும் ஏறி அது மோதிரத்தின் ஒரு பாகம் மாதிரியே கறுத்துப்போயிற்று.

அந்தக் காலத்தில்தான் அவள் போனில் ஒரு மந்திரவாதத் தொடர் வந்தது. எங்கோ வெளிநாட்டில் எடுத்து மலையாளத்தில் குரல் கொடுத்தது. கடலுக்கு நடுவே ஒரு ராஜ்ஜியம், அதில் ஐந்து மோதிரங்கள். மூன்றாவது மோதிரத்தைப் போட்டவளின் குரல் மோதிரத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அவள் சொன்னால் கடலே பின்வாங்கும். ஆனால் அதைக் கழற்ற முடியாது. அப்படியானால் வெட்டினால் என்ன ஆகும்? இதுதான் எங்கள் வழக்கு. வெட்டினால் குரல் விடுதலையாகி அவளிடமே திரும்பும் என்பது என் கட்சி. குரல் போனது போனதுதான் என்பது மைனியின் கட்சி.

"ஏட்டி, போட்டவளுக்குத் தெரியும் அத எப்படிக் கழட்டணும்னு. அவகிட்ட ஒரு வார்த்த கேக்காம வெட்டுனா, அப்புறம் குரல் எப்படித் திரும்பி வரும்?"

"அவளுக்குத் தெரிஞ்சா அவளே கழட்டியிருப்பால்லா மைனி?"

"அவ கையத்தான் கட்டிப் போட்டிருக்காங்கல்லா! கண்ணு எங்க வச்சிருக்க நீ? அந்த சீன்ல சாயா குடிக்கப் போயிட்ட போல."

தோற்றவள் முறத்தில் வென்றவள் ஒரு பூச்சி சுக்கை எறிய வேண்டும் என்பது நாங்களாக வைத்த சட்டம். நான் எறிந்தது குறைவு. அவள் எறிந்ததைச் சேர்த்திருந்தால் ஒரு சாக்கு தேறும். பக்கத்தில் இருந்த சேச்சிகள் முதலில் தலையில் அடித்துக்கொண்டார்கள், பிறகு அவர்களும் கட்சி பிரிந்தார்கள். அந்த மூன்றாம் மோதிரத்துக்காக ஒருநாள் இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசாமல் வீட்டுக்குப் போனதுகூட உண்டு.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலை, மைனி கையிலிருந்த முறம் சரிந்தது. சுக்கு கொட்டியதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய நான் அவள் வாய் கோணியதைக் கண்டு நிறுத்தினேன். ஆட்டோவில் பாலம் தாண்டி எர்ணாகுளம் கொண்டுபோனோம். வழியெல்லாம் ஏதோ சத்தம் கொடுத்துக்கொண்டே வந்தாள், ஒன்றும் சொல்லாகவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் முன் உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது என்றார்கள். வலது கை வீங்கியிருந்தது. நர்ஸ் சோப்பு போட்டுப் பார்த்தாள், எண்ணெய் போட்டுப் பார்த்தாள். மைனி இடது கையைக் கொண்டுவந்து மோதிரத்தின் அடியில் நகத்தால் பிறாண்டிக்கொண்டே இருந்தாள். அண்ணன் மோதிரத்தைத் தரமாட்டேன் என்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்தது.

"கட் செய்யட்டே சேச்சி? சமயம் இல்ல" என்றாள் நர்ஸ்.

"வெட்டிருங்க" என்றேன். மைனியின் இடது கையை என் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அசையவிடவில்லை.

வெட்டிய பிறகு அவளிடமிருந்து அந்தச் சத்தம்கூட வரவில்லை. இன்றுவரை வரவில்லை. படித்தவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்: நான் டாக்டரிடமே போய்க் கேட்டேன், மோதிரத்தை வெட்டியதால் இருக்குமா என்று. அவர் சிரிக்கவில்லை. பேச்சு மூளையில் போயிற்று, கிட்டங்கியில் முறம் சரிந்தபோதே போய்விட்டது என்று பொறுமையாகச் சொன்னார். புரிந்தது. புரிந்து என்ன பிரயோஜனம்? வீட்டுக்கு வந்ததும் மறுபடி அதே கேள்விதான்.

தொடரின் கடைசி பாகம் வந்தபோது மைனியின் கட்டிலருகே உட்கார்ந்து, போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். மூன்றாம் மோதிரம் கடைசியில் அதைப் போட்டிருந்த ராணியோடு கடலில் விழுந்துவிட்டது. வெட்டவும் இல்லை, கழற்றவும் இல்லை. அட கடவுளே, இத்தனை வருடம் அடித்துக்கொண்டதற்கு இதுதானா! மைனி கண்ணை மூடிக்கொண்டாள். கோபமா, தூக்கமா? என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

போன மாதம் அந்த மோதிரத்தை ஒட்டிப் போடலாம் என்று தட்டானிடம் கொண்டுபோனேன். ஒட்டினால் ஏதாவது திரும்பி வருமா என்ற நப்பாசை எனக்கு இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கிழவர் கொக்கியால் நூலைக் கெல்லினார். சுற்று சுற்றாக வந்துகொண்டே இருந்தது. பிறகு மோதிரத்தின் வாயைச் சேர்த்து அளவுக் கம்பியில் கோத்தார். கடகடவென்று அடிவரை இறங்கியது.

"இதெந்தினா வெட்டியது சேச்சி? அடியில நூல அறுத்திருந்தா தானே ஊரிப் போயேனே."

நூலை அறுத்திருந்தால் மோதிரம் தானாகவே கழன்று வந்திருக்கும் என்கிறார். நான் சுற்றிய நூல். மைனியின் நகம் பிறாண்டியது அந்த நூலைத்தான். அவள் எங்களுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தாள். நான் அந்தக் கையைப் பிடித்து வைத்திருந்தேன்.

ஒட்ட வேண்டாம் என்று மோதிரத்தை வாங்கிக்கொண்டு, கிட்டங்கிக்குள் ஒருமுறை புகுந்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். "மைனி, நீதான் ஜெயிச்ச. உன்கிட்ட கேட்டிருக்கணும். நூல நான் மறந்துட்டேன் மைனி" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். விளங்கியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மோதிரத்தை அவள் வலது விரலில் மாட்டிப் பார்த்தேன். வீக்கம் வற்றிச் சூம்பிய விரல். மோதிரம் நழுவிப் பாயில் விழுந்தது.

முந்தானையில் கிட்டங்கியிலிருந்து கொண்டுவந்த பூச்சி சுக்கு ஒன்று முடிந்திருந்தேன். அதை அவள் இடது கையில் வைத்து, என் மடியை முறம் மாதிரி விரித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். "எறி மைனி" என்றேன். விரல்கள் சுக்கை மெல்ல மூடிக்கொண்டன. வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் எறியவில்லை. மோதிரத்தை எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டு எழுந்தபோதும் சுக்கு அவள் கைக்குள்ளேயே இருந்தது.