சித்த பொறுங்கோ

எங்கள் மயிலாப்பூர் வீட்டுக் கம்ப்யூட்டரில் நான் தப்பு செய்தால் ‘டிங்’ என்று சத்தம் வராது. என் மனைவி திட்டுவாள்.

வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவன் நான். அவசரபுத்தி வேறு. எழுதியதை சேவ் செய்யாமலே மூடப் போவேன். ‘டிங்’ என்று அது ஒரு கேள்வி கேட்கும். அதைப் படிக்கப் பொறுமை ஏது? ஏதோ ஒரு பட்டனை அமுக்கி, அரைநாள் வேலையைத் தொலைத்துவிட்டு வீடு அதிரக் கத்துவேன். கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவள், ஒருநாள் மைக்கை வாயருகே பிடித்துப் பேசி, அந்த ‘டிங்’கை எடுத்துவிட்டுத் தன் குரலை வைத்துவிட்டாள்.

“சித்த பொறுங்கோ! என்ன, பஸ்ஸா போயிடப் போறது?”

பின்னால் குக்கர் விசில் அடிப்பதுகூட அதில் கேட்கும். முதல்முறை கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. அவள் சமையலறையில் நின்று சிரித்தாள்.

அவள் இறந்த பிறகும் அது நிற்கவில்லை. நான் அவசரப்படுவேன், அவள் திட்டுவாள். அடுத்த அறையில் இருக்கிறாள் என்றே அந்த ஒரு நொடி தோன்றும். அதற்காகவே சில நாள் வேண்டுமென்றே தப்பு செய்திருக்கிறேன்.

வேலை கொடுப்பவர்களின் இணையதளம் பழைய சிஸ்டத்தில் திறக்க மறுத்தபோது வேறு வழியில்லாமல் போயிற்று. பட்டினப்பாக்கத்திலிருந்து வழக்கமாக வரும் ரிப்பேர்காரரைக் கூப்பிட்டேன். எது போனாலும் போகட்டும், இந்தக் குரல் மட்டும் போகக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

“பயப்படாத சார். மொதல்ல அத்த தனியா எட்த்து வெச்சிக்கினுதான் கையே வெப்பேன்” என்றார்.

சொன்னபடியே செய்தார். புது சிஸ்டம் ஏறியதும் சத்தங்களுக்கான பக்கத்தைத் தேடித் திறந்து, குரலைப் பழைய இடத்திலேயே வைத்து, ‘டெஸ்ட்’ என்ற பட்டனை அமுக்கிக் காட்டினார். திட்டினாள். எனக்கு உயிர் வந்தது. அவருக்கு இரண்டாவது காபி கொடுத்தேன்.

மறுநாளிலிருந்து ரோதனை. மூலையிலிருந்த பட்டன் நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது. பிரிண்டரைத் தேடிக் காலை முழுக்க அலைந்தேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை எதற்கு மாற்றித் தொலைக்கிறார்கள்? இத்தனை எரிச்சலிலும் கண்டதை எல்லாம் அமுக்கினேன். அவள் மட்டும் வாயே திறக்கவில்லை.

ஒரு பக்கம் எழுதி, சேவ் செய்யாமல் மூடினேன். சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. திறந்து பார்த்தால் எழுதியது அப்படியே இருந்தது. மறுபடியும் எழுதி, மறுபடியும் மூடினேன். ஒன்றும் கேட்கவில்லை. ரிப்பேர்காரருக்கு போன் செய்தேன்.

“புச்சுல அல்லாம் தானா சேவ் ஆயிடும் சார். ஒன்ன கேக்கவே கேக்காது. நல்லதுதான?”

நல்லதுதான். போனை வைத்துவிட்டேன். குரல் பத்திரமாக உள்ளேயே இருக்கிறது. அதற்குத்தான் வேலை இல்லாமல் போய்விட்டது. அவளுக்குத் தெரியாமல் அவளை வீட்டை விட்டு அனுப்பிவிட்டதுபோல இருந்தது.

அன்று சாயங்காலம் கோயில் மணி கேட்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். முடிக்க வேண்டிய வேலை எதுவும் இல்லை. பிறகு அந்தச் சத்தங்களின் பக்கத்தை நானே தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்து, ‘டெஸ்ட்’ பட்டனை மெதுவாக அமுக்கினேன்.

“சித்த பொறுங்கோ! என்ன, பஸ்ஸா போயிடப் போறது?”

எனக்கு ஒரு அவசரமும் இல்லை.