அரண்மனைப் படிக்கட்டில் என் மாமா

என் மாமாவைக் காட்டி, இவரை எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவர் என் அம்மாவின் உடன்பிறந்த தம்பி. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அன்று அவரை அடித்தார்கள். அடித்தவர்களைப் பற்றி எழுத இதைத் தொடங்கவில்லை. அவர்களுக்கும் இந்நேரம் என்னைப் போலத் தலை வெளுத்திருக்கும். அவர்கள் கணக்கை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

காவேரித் தண்ணீர் விஷயமாகத் தமிழர்மேல் ஊர் கொதிக்கத் தொடங்கியிருந்த சமயம் அது. நாங்கள் ஜீவனஹள்ளியில் இருந்தோம். மாமா கோலாரில் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். விடுப்பில் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தங்குவார். அந்த இரண்டு நாளும் தெருவுக்கே தெரியும். பாறையைத் துளைக்கும் இயந்திரத்தோடு பல வருடம் நின்றதில் அவருக்குக் காது பாதி போயிருந்தது. தன் குரல் தனக்கே கேட்காததால், காபி கேட்டால்கூட நாலாவது வீட்டில் பதில் வரும். மெதுவாகப் பேசு என்று சொன்னால், "மெதுவாத்தானடா பேசுறேன்!" என்று கத்துவார்.

அரண்மனைக்குப் போக வேண்டும் என்று நச்சரித்தவன் நான்தான். எங்கள் டிராயிங் மாஸ்டர் அதைப் பற்றி வகுப்பில் சொல்லியிருந்தார். எந்தக் காலத்திலோ ஒரு ஜமீன் குடும்பம் ஐரோப்பாவிலிருந்து ஆள் வரவழைத்துக் கட்டியது. சுவரெல்லாம் சுருள் சுருளாகப் பூவேலை, பொன்பூச்சு, இரண்டு பக்கமும் வளைந்து ஏறி மேலே ஒன்றாகச் சேரும் படிக்கட்டு. அந்தப் பாணிக்குப் பரோக் என்று பெயர் என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். வாரிசுகள் அதை ஓவியக்கூடமாக மாற்றியிருந்தார்கள். மாமா என்னைக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்துவிட்டார்.

அம்மாவுக்குத் துளியும் இஷ்டமில்லை. அன்று காலைவரை ஊரில் பேச்சு மட்டும்தான் இருந்தது. ஆனால் அந்தப் பேச்சு ஒரு மாதிரியாக இருந்தது.

"போய்த்தான் ஆவணுமாடா? போனா அங்க வாயத் தொறக்கக் கூடாது" என்றாள் தம்பியிடம்.

"படம் பாக்குறதுக்கு வாயி எதுக்குக்கா? கண்ணு போதும்" என்றார் மாமா. அடுத்த தெருவில் நாய் குரைத்தது.

அம்மா என்னைத் தனியே சமையலறைக்குள் இழுத்தாள். எனக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு; சுரங்கத்தில் சுற்றிலும் தமிழர்களே என்பதால் மாமாவுக்கு ஒரு வார்த்தைகூட வராது. யாராவது மாமாவைக் கேட்டால் சொல்வதற்கு ஒரு வாக்கியத்தைப் பாடம் பண்ணிவைத்தாள். 'இவ்ரிகெ கிவி கேள்சல்ல, மாத் பரல்ல.' இவருக்குக் காது கேட்காது, பேச வராது. இரண்டு தரம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டாள். "உன்ன நம்பித்தான் அவன அனுப்புறேன்" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றைக்கு நான்தான் மாமாவின் நாக்கு.

பஸ்ஸில் ஏறியதிலிருந்து அவர் வாயைத் திறக்கவில்லை. நான் முழங்கையால் இடிக்கும்போதெல்லாம் உதட்டின்மேல் விரலை வைத்துக் கண்ணைச் சிமிட்டினார். அவருக்கு அது விளையாட்டு. டிக்கெட் வாங்கியதும் உள்ளே போனதும் ஒழுங்காகவே நடந்தன. மேல்மாடியின் பெரிய கூடத்தில் நுழைந்து அண்ணாந்து பார்த்ததும் அவரால் அடக்க முடியவில்லை. கூரை முழுக்க மேகம், மேகத்தினிடையே சிறகு முளைத்த குண்டுக் குழந்தைகள்.

"இன்னா மாப்ள இது! இம்மாம் பெரிய மாளிகை கட்டுனவனுக்கு அந்தப் பசங்களுக்கு ஒரு ஜட்டி வாங்கித் தர வக்கில்லையா?"

கூடத்தில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். ஒரு பெண்மணி சிரித்தார். சிரிப்பில் கெடுதல் ஏதுமில்லை. ஆனால் எனக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. நான் கான்வென்ட்டில் படிக்கிறவன். என் வகுப்புப் பையன் எவனாவது அங்கே வந்திருந்தால் என்ன ஆவது?

அடுத்து அவர் தூணிடம் போனார். சுரங்கத்தில் புது இடத்தில் நிற்பதற்கு முன்னால் மேற்பாறையைக் கம்பியால் தட்டிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். கெட்டியான பாறை ஒரு விதமாக அதிரும், விழப்போகிற பாறை வேறு விதமாக அதிரும். காதில் விழாததை மாமா உள்ளங்கையால் கேட்பார். எங்கள் வீட்டுக்கு வந்தாலும் படுக்கும் முன் சுவரைத் தட்டிவிட்டுத்தான் படுப்பார். பச்சைச் சலவைக்கல் போல மின்னிய அந்தத் தூணில் ஒரு கையை வைத்து, மறுகை முட்டியால் டொக் டொக்கென்று தட்டினார். முகம் மலர்ந்துவிட்டது.

"உள்ள பொள்ளு மாப்ள! கல்லு இல்ல, மரத்து மேல சுண்ணாம்பு! பெயின்ட் அடிச்சு ஏமாத்திட்டான்!"

"ஏய், முட்ட பேடி!" தொடாதே என்று கத்திக்கொண்டு காவலாளி ஓடிவந்தார். அவர் வயதானவர், காக்கிச் சட்டை. அம்மா சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை அவரிடம் ஒப்பித்தேன். காது கேட்காது என்பதை நம்பினார். பேச வராது என்றதும் மாமாவை ஒரு பார்வை பார்த்தார். திரும்பிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் மாமாவோடு நடக்கவில்லை. அவர் ஒரு படத்தின் முன் நின்றால் நான் நாலு படம் தள்ளி நின்றேன். யாராவது பார்த்தால் அவரோடு வந்தவன் என்று தெரியக் கூடாது. இதைச் சொல்லாமல் விட்டால், பின்னால் நடந்ததைப் பயத்தின்மேல் போட்டுவிடலாம். பயம் வருவதற்கு முன்பே நான் அவரை விட்டு விலகிவிட்டேன் என்பதுதான் உண்மை. கடைசியில் அவரை மேலேயே விட்டுவிட்டு, படிக்கட்டில் இறங்கிக் கீழ்க்கூடத்துக்கு வந்துவிட்டேன்.

வெளியே சாலையில் சத்தம் கேட்டது. முதலில் ஊர்வலம் என்று நினைத்தேன். கண்ணாடி உடையும் ஓசை வந்தது. கேட்டை யாரோ இழுத்து மூடினார்கள். மூடுவதற்குள் ஐந்தாறு பேர் உள்ளே வந்துவிட்டார்கள். கையில் உருட்டுக்கட்டை. எங்கள் தெருவில் கிரிக்கெட் ஆடும் அண்ணன்களின் வயதுதான் இருக்கும். தமிழர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டே கூடத்துக்குள் நுழைந்தார்கள். எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். மாமா மேலேயே இருக்க வேண்டும், கீழே வரக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது என்று மனசுக்குள் ஜபித்தேன்.

மாமாவுக்கு அந்தச் சத்தம் எதுவும் எட்டவில்லை. படிக்கட்டின் உச்சியில் வந்து நின்று, கைப்பிடித் தூணைத் தட்டினார்.

"மாப்ள! இங்க வந்து பாரு! இதுவும் பொள்ளுதான்!"

அந்தக் குரல் கூரையில் மோதித் திரும்பி வந்தது. எல்லாத் தலைகளும் மேலே நிமிர்ந்தன. மாமா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, வா வா என்று கையை ஆட்டியபடி இறங்கிவந்தார். பாதிப் படியில் கட்டைகளைப் பார்த்தார். நின்றுவிட்டார்.

அவர்களில் ஒருவன் என் தோளில் கை வைத்தான். மிரட்டவில்லை. தன் தம்பியை விசாரிப்பது போலக் கேட்டான்.

"யாரோ மரி இவனு? நினகெ கொத்தா?" யாரடா குட்டி இவன், உனக்குத் தெரியுமா?

அம்மாவின் வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. சற்று முன்புதான் ஒரு முறை சொல்லியிருந்தேன். காது கேட்காதவர், ஏதோ உளறுகிறார், என்னோடு வந்தவர். சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களா, தெரியாது. சொல்லிப் பார்த்திருக்கலாம்.

"கொத்தில்ல" என்றேன். தெரியாது. அதோடு நிறுத்தவில்லை. காது கேட்காதவருக்கும் விளங்கும்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன்.

மாமா என் தலை ஆடுவதைப் பார்த்தார். ஆட்டிக்கொண்டிருந்த கை கீழே இறங்கியது. பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. மீதிப் படிகளையும் தானாகவே இறங்கி அவர்களிடம் வந்தார்.

நான் முதுகைக் காட்டிக்கொண்டு சுவரில் இருந்த ஒரு படத்தைப் பார்த்தேன். மடியில் நாய்க்குட்டியோடு ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி. நாயின் கழுத்தில் நீல ரிப்பன். சட்டை கிழியும் சத்தம், கன்னத்தில் அறை விழும் சத்தம், ஏதோ கோஷத்தைக் கன்னடத்தில் சொல்லச் சொல்லி அதட்டும் சத்தம். மாமாவின் குரல் மட்டும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நான் ரிப்பனின் மடிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காக்கிச் சட்டைக் காவலாளிதான் நடுவில் புகுந்தார். இவன் செவிட்டு ஊமை, வெள்ளையடிக்க வந்தவன், விடுங்கடா என்று கன்னடத்தில் கத்தி, அவரும் இரண்டு அடி வாங்கி, மாமாவைப் பின்பக்க அறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டார். நான் சொல்ல வேண்டியதை அவர் சொன்னார்.

சாலை அடங்கியதும் எங்களைப் பின்வாசல் வழியாக அனுப்பினார். சந்து சந்தாக நடந்தோம். எங்கேயோ டயர் எரியும் நாற்றம். மாமா முன்னால் போனார், வீடுவரை பேசவே இல்லை. இப்போதாவது இவருக்குப் பயம் வந்து வாயை மூடினாரே என்று நினைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

கிழிந்த சட்டையைப் பார்த்ததும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பினாள். "நான் சொன்னதச் சொல்லலியாடா நீ?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "நான்தாங்கா மாத்திச் சொல்லிக் குடுத்தேன். எவனாச்சும் கேட்டா மாமனத் தெரியவே தெரியாதுன்னு சொல்லிடுடான்னு. நம்மளால பச்சப்புள்ளைக்கு எதுக்கு அடி? சிங்கக்குட்டி, அப்படியே சொன்னான்."

அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அந்தப் பொய்யை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அது குடும்பக் கதையாகிவிட்டது. கல்யாணம், காதுகுத்து என்று எங்கே கூடினாலும் மாமாவைச் சொல்லச் சொல்வார்கள். வருடத்துக்கு வருடம் கதை வளர்ந்தது. ஆறு பேர் இருபது பேரானார்கள். வாசலிலேயே நிலைமையை மோப்பம் பிடித்து எனக்கு அவர் ரகசியமாகச் சொல்லிக்கொடுத்த வசனம் நீண்டுகொண்டே போனது. "மாமா ரகசியமா சொன்னாராம்!" என்று எல்லோரும் விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பேன்.

சுரங்கத்தை மூடிய பிறகு மாமா குடும்பத்தோடு எங்கள் ஊருக்கே, லிங்கராஜபுரத்துக்கு வந்துவிட்டார். எனக்கு நல்ல வேலை அமைந்திருந்தது. அவர் மகளின் நிச்சயதார்த்தத்தில், சம்பந்திவீட்டார் வட்டமாக உட்கார்ந்திருக்க, அவர் அந்தக் கதையைத் தொடங்கினார். அன்று என்னால் தாங்க முடியவில்லை. இத்தனை பேர் முன்னால் சொன்னால்தான் பரிகாரம் என்று ஒரு வேகம். எழுந்து நின்றேன்.

"மாமா எதையும் சொல்லிக் குடுக்கல. நானாத்தான் தெரியாதுன்னு சொன்னேன். அவர் அடி வாங்குனப்போ திரும்பி நின்னு படம் பாத்துக்கிட்டிருந்தேன். என்னை மன்னிச்சிடுங்க மாமா."

அவருக்குக் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன். மாமா முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது, எடுத்துவைக்க இடம் தெரியாதது போல. சம்பந்தி தரையைப் பார்த்தார். "எல்லாரும் சாப்பிட வாங்க" என்று மாமி எழுந்தாள்.

கை கழுவும் இடத்தில் மாமி என்னைப் பிடித்துக்கொண்டாள். "பொய்யின்னு எனக்குத் தெரியாதா? எத்தினி வருசம் தூக்கத்துல 'மாப்ள, மாப்ள'ன்னு கத்தி எழுந்தாரு. அந்தக் கதையச் சொல்லிச் சொல்லித்தான் அது நின்னுச்சு. நீ எதுக்குடா சபையில எழுந்த?"

என்னைக் காப்பாற்ற அவர் கட்டிய கதை என்றே பன்னிரண்டு வயதில் எடுத்துக்கொண்டேன். அது சரிதான், பாதி சரி. சொந்த அக்காவின் பிள்ளை தன்னை யாரென்றே தெரியாது என்று தலையாட்டியதை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எப்படி மறுநாள் எழுந்து வேலைக்குப் போவார் என்று அந்த வயதில் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. அந்த வயது கடந்த பிறகும் யோசிக்கவில்லை.

மறுவாரம் பழம் வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். வாசலில் நாற்காலியில் இருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "வாங்க தம்பி. உக்காருங்க" என்றார், குரலைத் தாழ்த்தி. அவருக்கு அப்படிப் பேச வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. எவ்வளவோ சொன்னேன். எல்லாவற்றுக்கும் "பரவால்லீங்க" என்றார். அரண்மனைக் கதையை அதற்குப் பிறகு அவர் யாருக்கும் சொல்லவில்லை. என்னை மாப்ள என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. கடைசிவரை என்னை மிகவும் மரியாதையாகவே நடத்தினார்.