உள்ளிழுத்த ஓம்

என் தம்பி கனடாவில் நடிகன். மேடையிலும் நடிக்கிறான், திரையிலும் நடிக்கிறான். அவனைப் பற்றி இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்தான், போர் துரத்தக் கனடாவுக்கு வந்தான், அங்கே நாடகம் படித்தான் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். இடையில் டென்மார்க்கில் எங்களோடு இருந்த நாலு வருடத்தைக் காணவில்லை. விபோர்க்கில் ஒரே அறையில் அப்பா, அம்மா, நான், அவன் என்று நாலு பேரும் படுத்து எழும்பியதும், ஒரே குளிர் ஜக்கெற்றை அவனும் நானும் மாறி மாறிப் போட்டுக்கொண்டு மொழி வகுப்புக்குப் போனதும் அந்தப் பக்கத்தில் அரை வரியாகக்கூட வரவில்லை. ஒருமுறை அவனிடமே கேட்டேன்.

"அக்கா, கதை நேரா இருந்தாத்தான் சனத்துக்கு விளங்கும்," என்றான்.

நேராக்கும்போது வெட்டிப் போட்ட துண்டு நான்தான் என்று எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. தம்பி என்றால் எனக்குக் கொஞ்சம் கண் தெரியாது.

இருபத்திரண்டு வயதில், கனடாவில் இருந்த மாமாவின் உதவியோடு ரொறன்ரோவுக்குப் போனான். பகலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினான், பின்னேரங்களில் எங்கள் ஆட்கள் போடும் நாடகங்களில் நடித்தான், பிறகு நாடகப் பள்ளியில் சேர்ந்தான். திரையில் முதன்முதலாக வந்தது டாக்சிக்காரனாக. இரண்டாவது தடவையும் டாக்சிக்காரன். அதற்குப் பிறகு கடைக்காரன், இன்னொரு கடைக்காரன், இரண்டு தரம் டாக்டர், ஒரு தரம் குண்டு வைக்கிறவன். குண்டு வைத்தவனுக்கு வசனமே இல்லை, முதுகு மட்டும்தான். அந்த முதுகையும் நானும் அப்பாவும் பார்த்தோம். அவன் வரும் இடத்தில் நான் படத்தை நிறுத்துவேன். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போய் நின்று பார்ப்பார். மேடையில்தான் அவன் பெரிய ஆளானான் என்று சொன்னார்கள். அதை நாங்கள் கண்டதில்லை. ராசா உடுப்பிலும் பிச்சைக்கார உடுப்பிலும் படங்கள் அனுப்புவான். அப்பா ஒவ்வொன்றையும் நெடுநேரம் பார்த்துவிட்டு "ம்" என்பார், அவ்வளவுதான்.

நடிப்பு அவனுக்கு நாடகப் பள்ளியில் வந்ததல்ல. அது அப்பாவிடமிருந்து வந்தது. ஊரில் தபால் கந்தோரில் வேலை செய்த காலத்தில் அப்பா மேலதிகாரியைப் போல, பக்கத்து வீட்டு ஆட்களைப் போல எல்லாம் செய்து காட்டுவார். பழிப்புக் காட்டுவது என்று நாங்கள் சொல்லுவோம். தம்பி விழுந்து விழுந்து சிரிப்பான். எனக்கு அது பிடிக்காது. டென்மார்க்குக்கு வந்த புதிதில் நான் கடையில் டேனிஷ் கதைத்ததை அப்பா ஒருநாள் பழிப்புக் காட்டினார். நான் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போய்விட்டேன். அதன் பிறகு எனக்கு முன்னால் அவர் யாரையும் பழிப்புக் காட்டியதில்லை. எனக்கு மரியாதை தருகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் இன்னும் டென்மார்க்கில்தான், ஹோர்சன்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். இந்தப் பக்கத்துக் கிழவிகள் 'ஆம்' என்பதற்கு 'யா' என்று சொல்லும்போது சிலவேளை மூச்சை வெளியே விடமாட்டார்கள், உள்ளே இழுப்பார்கள். சுடுகோப்பியை உறிஞ்சுவது போல ஒரு சத்தம் வரும். முதல் தடவை கேட்டபோது நெஞ்சுவலியாக்கும் என்று பயந்து தாதியைக் கூப்பிட ஓடினேன். பிறகு அது எனக்கே தொற்றிவிட்டது. டேனிஷில் தொற்றியதோடு நிற்கவில்லை, ஆமுக்கு நாங்கள் சொல்லும் 'ஓம்' என்ற சொல்லிலும் வந்து ஏறிவிட்டது. எனக்குத் தெரியாமலே ஓமை மூச்சோடு உள்ளே இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். உலகத்தில் வேறெந்தத் தமிழரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அம்மா இறந்த பிறகு பதினொரு வருடம் அப்பா என் வீட்டில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் பாரிசவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. மிஞ்சியது 'ஓம்' என்ற ஒரு சொல். தேத்தண்ணி வேண்டுமா, ஓம். நோகிறதா, ஓம். குளிருகிறதா, அதற்கும் ஓம். நான் வேலை செய்யும் இடத்திலிருந்து சைக்கிளில் ஐந்து நிமிடத் தூரத்தில் இன்னொரு முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. வேலை முடிந்ததும் தினமும் அங்கே போனேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த டேனிஷ் பெண் ஒரு கட்டுப் பட அட்டைகள் தந்தாள். கோப்பை, குடை, நாய், வீடு. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள் என்றாள். நான் ஒவ்வொரு நாளும் செய்தேன், கொஞ்சமாகச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். "அப்பா, இது என்ன? கோ... கோப்... சொல்லுங்கோ, இன்னொருக்காச் சொல்லுங்கோ." அவர் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிவிடுவார். எனக்குக் கோப்பையும் வேண்டாம், நாயும் வேண்டாம். சின்ன வயதிலிருந்து அவர் என்னைப் 'பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார். அந்த ஒரு சொல் இன்னொரு தரம் அவர் வாயிலிருந்து வந்தால் போதும் என்று இருந்தேன். அதற்காகத்தான் அந்த அட்டைகளைக் கட்டி அழுதேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், இலையுதிர் காலத்தில், தம்பி வந்தான். ஒன்பது வருடத்துக்குப் பிறகு. விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். "இனி அப்பாவோடை இருக்கப் போறன் அக்கா, பத்து நாள், வேறை ஒரு இடமும் போகமாட்டன்," என்றான். எனக்குத் தலைகால் தெரியவில்லை. கோயிலில், கடையில், வேலையில், கண்டவர் நின்றவர் எல்லாருக்கும் சொன்னேன், என் தம்பி தகப்பனைப் பார்க்கக் கனடாவிலிருந்து வந்திருக்கிறான் என்று.

வந்த அன்றைக்கே என்னுடைய ஓமைப் பிடித்துவிட்டான்.

"என்னக்கா, ஓமை விழுங்கிறியள்?"

"என்ன விழுங்கிறன்?"

"ஒருக்காச் சொல்லுங்கோ."

சொன்னேன். மேசையில் தலையை வைத்துச் சிரித்தான். எனக்குக் கோபம் வரவில்லை. அவ்வளவு சந்தோசத்தில் இருந்தேன்.

நான் காலையில் வேலைக்குப் போகும்போது அவன் அப்பாவிடம் போவான், நான் பின்னேரம் போய்ச் சேரும்வரை பக்கத்திலேயே இருப்பான். அப்பா தன்னோடும் ஒரு சொல் கதைக்கவில்லை என்று ஒவ்வொரு நாளும் சொன்னான். சொல்லும்போது குரல் கரகரக்கும். நான்தான் அவனைத் தேற்றினேன். மனதை விடாதே, என்னோடும் அப்படித்தான், அது நோயின் வேலை, உன்னில் பிழை இல்லை என்றேன். அவனுக்குப் பிடித்த கணவாய்க் குழம்பு வைத்துக் கொடுத்தேன். பத்தாம் நாள் போய்விட்டான்.

மூன்று மாதத்தில் அப்பா செத்துப்போனார். 'பிள்ளை' என்ற அந்தச் சொல் வரவேயில்லை. செத்தவீட்டுக்குத் தம்பி வரவில்லை. படப்பிடிப்பு, விட்டுவிட்டு வந்தால் நூறு பேருடைய வேலை நிற்கும் என்றான். தொழில் அப்படித்தான் என்று அவனுக்காக நானே ஆட்களிடம் பரிந்து பேசினேன்.

அந்தப் படம் இந்த வருடம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகளும் நானும் வீட்டிலிருந்து பார்த்தோம். முதன்முதலாக என் தம்பிதான் கதாநாயகன். ரொறன்ரோவில் ஒரு மாடி வீட்டில் இருக்கும் யாழ்ப்பாணத்துக் கிழவர், பாரிசவாதத்தில் பேச்சிழந்தவர். நரை வைத்து, முதுகைக் கூனி, வலது கையை மடியில் செத்த மீன் மாதிரிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது தம்பி அல்ல, அப்பா. வாயில் வழியும் எச்சிலை இடது தோளில் துடைப்பது அப்பா. யன்னல் பக்கம் முகத்தைத் திருப்புவதும் அப்பா. நான் எழும்பிப் போய்க் குசினி அடுப்படியில் நின்றேன். திரும்பி வந்தபோது கிழவரிடம் யாரோ ஏதோ கேட்கிறார்கள். அவர் மூச்சை உள்ளே இழுத்து "ஓம்" என்றார்.

மகள் டேனிஷில் சொன்னாள்: "அம்மா, அது நீதானே."

பிறகு அவளே அவனுடைய பேட்டி ஒன்றைத் தேடி எடுத்தாள். அந்த 'ஓம்' பற்றித்தான் கேட்கிறார்கள். எங்கள் ஊர் முதியவர்கள் அப்படித்தான் சொல்லுவார்கள், அது மறைந்துபோகும் ஒரு பழைய வழக்கம் என்கிறான். எங்கள் ஊர்க் கிழவர் ஒருவருக்கும் அந்த வழக்கம் இல்லை. அது கோப்பி குடிக்கும் டேனிஷ் கிழவிகளுடையது, அவர்களிடமிருந்து என்னுடையது. அடுத்த கேள்வி, எப்படித் தயாரானீர்கள் என்பது. இந்த வேடத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தானவுடன் ஐரோப்பாவில் ஒரு நோயாளியோடு பத்து நாள் இருந்தேன் என்று பதில் சொன்னான்.

ஒரு நோயாளி. அப்பா என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தகப்பனைப் பார்க்க வந்தான் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன், அவன் தையல்காரன் மாதிரி அளவெடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறான். கைத்தொலைபேசியை எடுத்துக் குரலிலேயே அனுப்பினேன்.

"தம்பி, நீ அப்பாவைப் பாக்க வரேல்லை, களவெடுக்க வந்தனி. அப்பாவைத்தான் எடுத்தாய், என்ரை ஓமையும் ஏனடா எடுத்தனி? அதையாவது என்னட்டை விட்டிட்டுப் போயிருக்கலாம்."

ஒரு மணித்தியாலத்தில் பதில் வந்தது. அவனும் குரலில்தான் பேசியிருந்தான்.

"அக்கா, ஆறுதலாக் கேளுங்கோ. ஓமை உங்களிட்டை இருந்து எடுக்கேல்லை, அப்பாவிட்டை இருந்துதான் எடுத்தனான். பொய் எண்டால் இதைக் கேட்டுப் பாருங்கோ."

கூடவே ஓர் ஒலிப்பதிவு இருந்தது. அப்பாவின் அறையில் தொலைபேசியை மேசையில் வைத்துப் பதிந்திருக்கிறான். சுவர் மணிக்கூட்டின் சத்தம் எனக்குத் தெரியும். முதலில் தம்பியின் குரல்.

"அப்பா, அக்கா எப்பிடி ஓம் சொல்லுறவ?"

பிறகு மூச்சை உள்ளே இழுத்து ஓர் ஓம். நான் சொல்வது போலவே, இல்லை, என்னைவிட நன்றாக. இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்பாவுக்குச் சிரிப்பு இன்னும் இருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"டேனிஷ்... கிழவி... மாதிரி," என்றார் அப்பா.

மூன்று சொல். ஒவ்வொன்றையும் கல்லைப் புரட்டுவது போலத்தான் புரட்டினார், ஆனால் புரட்டினார். நான் பதிவை நிறுத்தினேன். பிறகு திரும்பவும் போட்டேன்.

"இன்னொருக்காச் செய்யுங்கோ, மெல்ல," என்கிறான் தம்பி. அப்பா செய்கிறார். அலுக்காமல், அவன் கேட்கக் கேட்கச் செய்கிறார். அவருக்குத் தெரிந்தேதான் எல்லாம் நடந்திருக்கிறது. அவன் எதற்கு வந்திருக்கிறான் என்பது தெரியும், என்ன வேடம் என்பது தெரியும். "கை... இப்பிடி... வை," என்று திருத்துகிறார். தெரியாமல் இருந்த ஒரே ஆள், இல்லத்துக்கும் வேலைக்கும் மழையில் சைக்கிள் ஓடிய நான்.

"அப்பா, நீங்கள் கதைக்கிறியள் எண்டு அக்காவுக்குச் சொல்லட்டே?"

"வேண்டாம்."

"ஏன்?"

அப்பா தொண்டையைக் கனைப்பது கேட்டது.

"படம்... கொண்டு... வருவாள்."

சினிமாப் படத்தைச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, அட்டைகள். அந்தக் குடையும் நாயும். நான் வாத்தியார் வேலை பார்த்தேன், ஒத்துக்கொள்கிறேன். அவரை ஒவ்வொரு சொல்லாகத் திருத்தினேன், நெருக்கினேன், அதனால் அவர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இருந்தாலும் அப்பா, நான் வேறு எதற்காகக் கேட்டேன்? உங்களுக்கு உள்ளாடை மாற்றியவள் நான். ஒரு சொல்லை என் பக்கம் எறிந்திருந்தால் அடுத்த நாளே அந்தக் கட்டைக் குப்பையில் போட்டிருப்பேனே. அவனுக்கு வேடத்துக்குக் கொடுக்க அப்பாவிடம் சொல் இருந்தது, எனக்குச் சும்மா கொடுக்க இருக்கவில்லை. தம்பி செய்ததை ஒருநாள் மன்னிப்பேனோ தெரியாது. அப்பா செய்ததை யாரிடம் போய்க் கேட்பது?

தன் பக்கம் நியாயம் என்று காட்டும் அவசரத்தில் தம்பி பதிவைக் கடைசிவரை கேட்காமலே அனுப்பியிருக்க வேண்டும். கேட்டிருந்தால் வெட்டியிருப்பான், வெட்டுவது அவனுக்குக் கைவந்தது. கடைசியில் அவர்கள் திரும்பவும் என் ஓமைச் செய்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். தூரத்தில் நடைபாதையின் கதவு திறந்து மூடுகிறது, ரப்பர் அடிச் சப்பாத்தின் கீச்சுச் சத்தம் கிட்ட வருகிறது. அப்பாவின் சிரிப்புச் சட்டென்று நிற்கிறது.

"வாறாள்," என்கிறார்.

அந்தப் பதிவு முழுவதிலும் இவ்வளவு தெளிவாக, திக்காமல் திணறாமல் அவர் சொன்ன சொல் வேறில்லை. பிறகு கதவு திறக்கிறது. என் குரல், நன்றாகக் களைத்துப்போன என் குரல், "அப்பா, எப்பிடி இருக்கிறியள்?" என்று கேட்கிறது. மணிக்கூடு அடித்துக்கொண்டிருக்கிறது. அறையில் ஒருவரும் பதில் சொல்லவில்லை.