மலைக்கு வந்த பல்கலைக்கழகம்

மலைமேல் பத்துப் பதினைந்து ஊர் சேர்ந்த எங்கள் ஆலத்தூர் நாட்டிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன் நான். மலைக்கு அப்போது ரோடு கிடையாது. அப்பா என் டிரங்குப் பெட்டியைத் தலையில் சுமந்து அடிவாரம்வரை இறங்கி வந்து பஸ் ஏற்றிவிட்டார். பட்டம் வாங்கினால் ஆபீசர் ஆகிவிடுவான், நம்மையும் நாலு பேர் மதிப்பார்கள் என்று நம்பினார். பல்கலைக்கழகம் என்றால் எங்களுக்கு அவ்வளவுதான் தெரியும்.

அடுத்த கோடை விடுமுறையில் அந்தப் பல்கலைக்கழகமே மலையேறி வந்தது. எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியரும் ஆராய்ச்சி மாணவர்கள் சிலரும் வந்திருந்தார்கள். அவர்களுடைய பெட்டி படுக்கைகளை எங்கள் ஆட்கள் சுமந்து வந்தார்கள். மலைமக்களைப் பற்றி ஆராய்ச்சியாம். ஊரை வரிசையாக நிறுத்தி, இடுக்கிபோல் ஓர் இரும்புக் கருவியால் தலையையும் மூக்கையும் அளந்தார்கள்.

சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். "சார், நான் உங்க கிளாஸ்லதானுங்க படிக்கறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்படியா? ரொம்ப நல்லதாப் போச்சு. நான் சொல்றதை இவங்களுக்குப் புரியவை. அப்புறம் நீயும் வரிசையில நில்லு."

நின்றேன். எனக்கு முன்னால் அப்பா.

"ஏனுங்க, இத அளந்தா என்னங்க தெரியும்?" என்று அப்பா கேட்டார்.

ஒரு மாணவன் சிரித்தான். "அசையாம இருங்க பெரியவரே," என்றார் பேராசிரியர். பிறகு அந்த இரும்பு என் நெற்றிப்பொட்டில் சில்லென்று அழுந்தியது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். "நீயும் இதத்தான் படிக்கறியா கண்ணு?"

"இல்லீங்கப்பா."

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு என் படிப்பைப் பற்றி அவர் கேட்டதே இல்லை.

பி.ஏ. முடித்ததும் மேலே படிக்க இடம் கேட்டு அந்தப் பேராசிரியரிடமே போனேன். "நீ மலையில இருந்தாத்தான்ப்பா எங்களுக்கு உபயோகம். மறுபடியும் வருவோம்," என்றார். சிரித்த மாணவனுக்கு எங்கள் தலைகளை வைத்து டாக்டர் பட்டம் கிடைத்தது. எனக்கு அடிவாரத்தில் ஓர் ஆபீசில் குமாஸ்தா வேலை.

சில வருஷம் கழித்து, படித்தவர்கள் மக்களுக்குத் தொண்டு செய்யவேண்டும் என்று பேச்சு மாறியது. அதே பல்கலைக்கழகத்திலிருந்து மாணவர்கள் முகாம் போட மலைக்கு வந்தார்கள். நல்ல பிள்ளைகளாகத்தான் இருந்திருப்பார்கள். அவர்கள் வருவது தெரிந்ததும் அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சாமைக் காட்டுக்குப் போனவர், அவர்கள் மலையிறங்கும்வரை அங்கேயே இருந்துவிட்டார்.