அப்பா கூப்பிட்ட பெயர்

அறுபத்திரண்டு வயதுவரை காவிரியைவிடப் பெரிய தண்ணீரைப் பார்க்காத கே.கே. நகர் வெள்ளையம்மாளைக் கப்பலில் ஏற்றிய பெருமை மகள் பவித்ராவையே சேரும். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணுக்குப் பூர்வீகம் தேடும் பைத்தியம். அதே பைத்தியம் பிடித்த தமிழ்க் குடும்பங்கள் எங்கெங்கோ இருந்து கூடி, ஓடுகிற உல்லாசக் கப்பலில் வம்சாவளி மாநாடு நடத்தின. தரையில் இடமே இல்லாமல் போய்விட்டது போலும்!

மாநாட்டில் ஆளுக்கொரு பெரிய தாள் கொடுத்தார்கள். தாத்தா, பாட்டன் என்று கட்டம் கட்டமாக எழுதிக்கொண்டே போன பவித்ரா ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"உங்கம்மா பேரு என்னம்மா?"

"தெரியாதுடி. தொட்டியத்துக்காரின்னுதான் சொல்வாங்க."

தொட்டியத்திலிருந்து முசிறிக்கு வாழ வந்தவளை ஊர் அப்படித்தான் அழைத்தது. வெள்ளையம்மாளைப் பெற்ற கையோடு அவள் போய்விட்டாள். அப்பா வீரமலை வருஷம் திரும்புவதற்குள் வேறு கல்யாணம் செய்துகொண்டார். அதன்பிறகு அந்த வீட்டில் செத்தவள் பேச்சை எடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்? தொட்டியத்து உறவும் அத்தோடு விட்டுப்போயிற்று.

வெள்ளையம்மாளுக்கு அதைவிடப் பெரிய மனக்குறை ஒன்று இருந்தது. அப்பா அவளை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சின்னம்மா பிள்ளைகளையெல்லாம் பெயர் சொல்லி அழைப்பவர், இவளை மட்டும் 'ஏ புள்ள' என்பார். தாயை விழுங்கிப் பிறந்தவள் என்று தன்னை வெறுக்கிறார் என்றே நினைத்து வளர்ந்தாள். ஆனால் அவர் படுக்கையில் விழுந்தபோது பீ மூத்திரம் அள்ளியவள் அவள்தான். கடைசி நாளில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வெள்ளையம்மா... வெள்ளையம்மா..." என்று கூப்பிட்டபடியே கண்ணை மூடினார். வெறுத்திருந்தால் கூப்பிடுவாரா? அதை நினைத்து நினைத்தே இத்தனை வருஷமாக மனசை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஊர்வாரியாக உட்காரவைத்தார்கள். அம்மா ஊராயிற்றே என்று பவித்ரா அவளை இழுத்துப்போன தொட்டியம் மேஜையில் பினாங்கிலிருந்து வந்த அழகிரி என்ற கிழவர் மட்டும் இருந்தார்.

"உங்கப்பா பேரு என்ன தாயி?"

"முசிறி வீரமலைங்க. அம்மாவுக்குத்தான் தொட்டியம்."

கிழவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "முசிறி வீரமலை மச்சானா? ஐயோ, எங்கக்கா மகளா நீ! நான் உன் தாய்மாமன் தாயி. நான் கப்பலேறுனப்ப அக்கா முழுகாம இருந்துச்சு. அப்புறம் செத்துப்போச்சுன்னு தகவல்தான் வந்துச்சு."

வெள்ளையம்மாள் அவர் கையைப் பற்றிக்கொண்டாள். "எங்கம்மா பேரு என்ன மாமா?"

"வெள்ளையம்மா."

"அது... என் பேரு மாமா."

கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. "மச்சான்தான் வச்சிருப்பாரு. அக்கா மேல உசுரு அவருக்கு. வயல்லேருந்து வர்றப்பவே வெள்ளையம்மா, வெள்ளையம்மான்னு கூப்பிட்டுக்கிட்டே வருவாரு. ஊரே கேலி பண்ணும். அது போனப்புறம் அந்தப் பேரு எப்படித் தாயி அவர் வாயில வரும்?"

பவித்ரா சந்தோஷம் தாங்காமல் கட்டத்தில் பெயரை எழுதினாள். "பாத்தியாம்மா, தாத்தாவுக்கு உன்மேல வெறுப்பே இல்ல!"

வெள்ளையம்மாள் தலையாட்டினாள். இல்லைதான். அவளுக்கும் அது விளங்கியது. கூடவே அப்பாவின் கடைசிக் குரலும் காதில் கேட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"ஏம்மா, அதான் பேரு கிடைச்சிருச்சே, ஏன் அழறே?"

"எங்கப்பா என்னைக் கூப்பிடவே இல்லடி."