மாத்தியாச்சு

கெத்தாபாங் என்கிற நாட்டுவாதாம் இலை ஊறிய தண்ணீரின் வாசனை... பால் ஊற்றாமல் ஆறிப்போன தேநீர் மாதிரி இருக்கும்.

பாசிர் கூடாங்கில் காற்று திசை மாறி ஆலை நெடி அடித்தால் எல்லா வீட்டிலும் ஜன்னல் சாத்துவார்கள். எங்கள் ஹாலில் ஜன்னலைச் சாத்தியதும் இந்த வாசனை எழுந்து வரும்.

இரண்டடி மீன் தொட்டி, அடியில் அந்த இலைகள். உள்ளே ஒரு ஜோடி குள்ளச் சிக்லிட் மீன்கள். ஆண் என் விரல் நீளம். பெண் அதில் பாதி. ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்து, விளிம்பில் சின்ன வாசல் உடைத்துக் கொடுத்திருந்தேன். அதன் உள்கூரையில்தான் பெண் முட்டை ஒட்டும். மீன் வளர்க்கும் நண்பர்களுக்குத் தெரியும்... முட்டை வைத்ததும் அதன் உடம்பு மஞ்சளாகிவிடும். பிறகு அதற்கு யாரையும் பிடிக்காது. புருஷனைக்கூட.

எனக்கு இருபத்து நான்கு வயது. தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். வீட்டைப் பகிர்ந்துகொண்ட சுரேனுக்குப் பகல் ஷிஃப்ட், சிம்பாங் ரெங்கத்துக்காரன். காலையில் என் பஸ் வந்து சேர்வதற்குள் அவனுடைய பஸ் போயிருக்கும். வாரத்தில் ஆறு நாள் எங்கள் பேச்சு வாட்ஸப்பில்தான். அதுவும் அவன் எழுதுவது தந்தி மாதிரி. "கேஸ் தீந்தாச்சு." "சோறு வச்சாச்சு." யார், எதை என்பதெல்லாம் நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் தடவை முட்டைகளில் பூசணம் பிடித்தது. இரண்டாம் தடவை அப்பன் தின்றுவிட்டான் என்று நினைக்கிறேன், பார்க்கவில்லை. மூன்றாம் தடவை பொரிந்தன. கொட்டாங்கச்சிக்குள் ஊசிமுனை அளவு வால்கள் துடித்தன. ஒரு சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, போன் வெளிச்சத்தில் ஒரு நாளைக்கு நாலு தரம் பார்த்தேன். நீந்தத் தொடங்க இன்னும் ஐந்து நாள். அதற்குள் ஒரு வாளி பைப் தண்ணீர் போதும், குளோரினில் எல்லாம் போய்விடும்.

"தொட்டிப் பக்கமே போகாதடா" என்று சுரேனிடம் சொல்லியிருந்தேன்.

"நான் ஏன் மச்சான் போறேன்? எங்க சூப்பர்வைசர் மாதிரி முறைக்குது அது."

புதன்கிழமை காலை பஸ்ஸில் வரும்போது அவனிடமிருந்து ஒரு சொல்.

"மாத்தியாச்சு."

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியை விட்டுப் பார்த்தேன். கொட்டாங்கச்சி காலி. பின்பக்கம் எப்போதும் காய்ந்து கிடக்கும் சிவப்பு வாளி, ஈரமாக இருந்தது.

தண்ணீரை மாற்றியிருக்கிறான். வேறென்ன அர்த்தம்?

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை... பொய் சொல்வான் என்று தோன்றிவிட்டது. தோன்றிய பிறகு எதைக் கேட்பது? ஒரு தம்ஸ்-அப் மட்டும் அனுப்பினேன்.

பிறகு தொட்டிக் கண்ணாடியில் தண்ணீர் மட்டத்துக்கு மார்க்கரால் கோடு போட்டேன். மூடியின் ஓரத்தில் செலோடேப். சிவப்பு வாளியின் கைப்பிடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டேன். மறுநாள் கைப்பிடி எதிர்ப்பக்கம் கிடந்தது. தண்ணீர் கோட்டுக்கு ஒரு நூல் கீழே. ஆவியாகியிருக்கும். அப்போது அது தோன்றவில்லை.

"என்னடா கோடு? பாப்பாவுக்கு ஹைட் அளக்குறியா?" என்று செய்தி அனுப்பினான். சிரிக்கும் முகம் வேறு. தப்பு செய்தவன்தான் இவ்வளவு சகஜமாக இருப்பான் என்று நினைத்தேன்.

பெண் மீன் இன்னும் மஞ்சளாகவே இருந்தது. இலைக்குவியலின் மேல் நின்று, என் விரல் கண்ணாடியைத் தொட்டால் பாய்ந்து வந்து முட்டியது. பிள்ளைகள் போன துக்கம் என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு இருவருக்கும் லீவு. சுரேன் ரொட்டி சானாய் வாங்கப் போயிருந்தான். செத்தவை அழுகித் தண்ணீர் கெடுமே என்று ட்யூபைப் போட்டு அடியை உறிஞ்சினேன். இலைகளையும் வாரினேன். முதல் பேசின் தண்ணீரை வாசல் கால்வாயில் கொட்டினேன். இரண்டாவது பாதி நிறையும்போது அவன் வந்தான்.

"அலமாக்! என்னடா பண்ற?"

"நீ பண்ணினத கழுவுறேன்."

"நான் என்ன பண்ணினேன்?"

"தண்ணிய மாத்தினல்ல? நீதான மெசேஜ் போட்ட?"

பொட்டலத்தை மேசையில் வைத்தான்.

"தண்ணியா? அவ மாத்தினாடா! புள்ளைங்கள ஒண்ணொண்ணா வாயில கவ்விக்கிட்டுப் போயி அந்த எலைக்கு அடியில வச்சா. பஸ் ஹாரன் அடிக்குது, நான் நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன். நீ சந்தோசப்படுவன்னு போட்டேன்."

"செவப்பு வாளி ஈரமா இருந்துச்சு."

"யூனிஃபார்ம் ஊற வச்சேன் லா. அதுக்கும் லைசென்ஸ் வேணுமா?"

பேசினுக்குள் போன் வெளிச்சம் அடித்தோம். அடியில் தூசு மாதிரி ஏதோ... தானாக நகர்ந்தது.

ரொட்டி ஆறிப்போனது. ஸ்பூனால் ஒவ்வொன்றாக எடுத்தோம். பதினொன்று. முதல் பேசினோடு கால்வாயில் எத்தனை போயின என்று தெரியாது. கடைசி ஸ்பூனைத் தொட்டியில் சாய்த்துவிட்டுச் சொன்னான்.

"யாருன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

சில மாதங்களில் அவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். சம்பளத்துக்காகத்தான். அப்படித்தான் சொன்னான்.

இப்போது ஸ்கூடாயில் தனி வீடு. மூன்றடித் தொட்டி. மேலே ஒரு கேமரா. ஆபீசிலிருந்தே போனில் பார்க்கலாம். போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன். மஞ்சள் அம்மா, வாயில் ஒரு பிள்ளையோடு, தொட்டியின் குறுக்கே போனது. வெறும் வாயோடு திரும்பியது. மறுபடி போனது. அன்று பஸ்ஸை நிற்க வைத்துவிட்டு அவன் பார்த்தது இதைத்தான்... எனக்கு ஒரு சொல்தான் கிடைத்தது. இப்போது முழுதும் கிடைக்கிறது. வீட்டில் சொல்லத்தான் யாரும் இல்லை.

அவனுக்கு அனுப்பினேன்.

"மாத்தியாச்சு."

இரண்டு நீல டிக். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது.

"யாரு?"

சோறு ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாற்றியது யார் என்று கேட்கிறானா... அந்த ஞாயிற்றுக்கிழமையைக் குத்திக்காட்டுகிறானா... இல்லை, என் நம்பரே அவனிடம் இல்லையா.

இந்தத் தடவை கேட்டுவிட்டேன்.

"எந்த யாரு?"